மலம் துடைப்பதும் சிகிச்சைதான்

தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒவ்வொரு படுக்கைக்கும் அருகே ஒரு பெரிய பதிவுத் தாள் இருக்கும். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் அளவு, ஏற்றிய திரவம், வெளியேறிய சிறுநீர் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் வந்தது என்பதைக்கூட விடாமல் எழுதுவார்கள். மலத்துக்கு மட்டும் ஒரு டிக் குறி, அல்லது ‘மோஷன் 3 தடவை’ என்று ஒரு வரி. மலம் எவ்வளவு நேரம் உடம்பில் ஒட்டிக் கிடந்தது, துடைத்த பிறகு பிட்டத்திலும் தொடையிடுக்கிலும் தோல் எப்படி இருந்தது என்று எழுதப் பெரும்பாலான தாள்களில் இடமே இருக்காது.

இதன் விளைவு, நோயாளி பிழைத்து வார்டுக்கு மாற்றப்படும் நாளில்தான் குடும்பத்துக்குத் தெரியவரும். அதுவரை அவர்கள் பார்த்ததெல்லாம் கழுத்துவரை போர்த்திய போர்வையும் குழாய் செருகிய முகமும்தான். வார்டில் முதல்முறை துணி மாற்றும்போது, “ஐயோ, பின்னாடி எல்லாம் வெந்துபோய்க் கிடக்கே” என்று பதறுவார்கள். “ரொம்ப நாள் படுத்திருந்தார் இல்லையா, பெட் சோர் வரத்தான் செய்யும்” என்று பதில் வரும். இந்தப் பதிலில் இரண்டு தவறுகள் உள்ளன. அது பல நேரங்களில் பெட் சோர் எனப்படும் படுக்கைப்புண்ணே அல்ல. மலமும் சிறுநீரும் பட்டுத் தோல் அழன்று உரிந்துபோன ஈரப்புண். இரண்டாவது, அது வந்தே தீரும் என்ற விதி எதுவும் இல்லை. பெரும்பகுதியைத் தடுக்க முடியும்.

தடுக்க முடிந்தும் ஏன் தடுப்பதில்லை? மருந்தோ கருவியோ இல்லாததால் அல்ல. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் மலத்தைத் துடைப்பதை நம் மருத்துவமனைகள் துப்புரவுப் பணியாகவே நினைக்கின்றன, சிகிச்சையாக நினைப்பதில்லை. பதிவுத் தாளில் கட்டம் இல்லாததும், காப்பீட்டில் பணம் கிடைக்காததும், பயிற்சி இல்லாதவர்களிடம் அந்த வேலை ஒப்படைக்கப்படுவதும் இந்த ஒரே எண்ணத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

தோலுக்கு என்ன நேர்கிறது?

நம் தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. செங்கல்லும் சாந்தும் போல, இறந்த செல்களை அடுக்கி இடையே கொழுப்பைப் பூசி உடல் எழுப்பியிருக்கும் சுவர் அது. அந்தச் சுவரின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவில் 4 முதல் 6 வரை. தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுப்பதும், தோலைப் பழுதுபார்க்கும் நொதிகளை ஒழுங்காக இயங்கவைப்பதும் இந்த அமிலத்தன்மைதான்.

ஈரம் நீடித்தால் செல்கள் நீரை உறிஞ்சி ஊதுகின்றன. இடையில் இருக்கும் கொழுப்பு குலைகிறது. இந்த நிலையில் துணி உராய்ந்தாலே தோல் வழன்றுவிடும். சிறுநீரில் யூரியா இருக்கிறது. மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. அம்மோனியா தோலின் அமிலத்தன்மையைப் போக்கிக் காரத்தன்மையை ஏற்றுகிறது. மலத்தோடு வெளியேறும் செரிமான நொதிகள் காரச் சூழலில் இன்னும் வேகமாக வேலை செய்யும். வயிற்றில் புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பதற்காக உருவானவை அவை. வெளியே வந்த பிறகு, புரதத்தாலும் கொழுப்பாலும் ஆன தோலையே கரைக்கத் தொடங்குகின்றன. சிறுநீர் தனியாகவோ மலம் தனியாகவோ படுவதைவிட இரண்டும் சேர்ந்து படுவது ஏன் கொடியது என்பது இதிலிருந்து விளங்கும்.

கெட்டியான மலத்தைவிடத் தண்ணீராகப் போகும் மலம் ஆபத்தானது. குடலில் வேகமாக ஓடிவருவதால் நொதிகளும் பித்த உப்புகளும் அதில் அதிகம். அது மடிப்புகளுக்குள் எல்லாம் புகுந்து பரவுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பார்கள். அங்கே முதல் எதிரி வயிற்றுப்போக்குதான்.

வயிற்றுப்போக்கை வரவழைப்பது எது?

பல நேரங்களில் சிகிச்சையே வரவழைக்கிறது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கிருமியோடு சேர்த்துக் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கின்றன. அந்த வெற்றிடத்தில் கிளாஸ்டிரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகினால் கடுமையான வயிற்றுப்போக்கு உண்டாகும். மூக்குக் குழாய் வழியாகத் தருவதற்கு வசதி என்று மாத்திரைக்குப் பதிலாகச் சிரப் தருகிறார்கள். பல சிரப்புகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால் மலத்தை இளக்கிவிடும். கல்லீரல் செயலிழந்தவர்களுக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறாமலிருக்க லாக்டுலோஸ் கொடுத்து, வேண்டுமென்றே மலம் போகவைக்கிறார்கள். குழாயில் ஊற்றும் கஞ்சியும் பவுடர் கரைசலும் நம் ஊர் வெக்கையில் நெடுநேரம் வெளியே இருந்தால், அதில் பெருகும் கிருமிகளே போதும்.

இதே நேரத்தில் தோலின் தாங்குசக்தி அடிமட்டத்தில் இருக்கிறது. ரத்த அழுத்தம் சரிந்தால், மூளையையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காக உடல் தோலுக்கான ரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அழுத்தத்தை உயர்த்தத் தரும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகள் தோலின் ரத்தக் குழாய்களை மேலும் சுருக்கும். ரத்தத்தில் புரதம் குறைந்து உடம்பில் நீர் கோத்திருக்கும். காய்ச்சலும் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். மயக்க மருந்தின் பிடியில் இருப்பவரால், ‘கீழே ஈரமாக இருக்கிறது’ என்று சொல்ல முடியாது; புரண்டு படுக்கவும் முடியாது.

எத்தனை பேருக்கு இது வருகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் 36 மாநிலங்களின் மருத்துவமனைகளில் 5,342 நோயாளிகளிடம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2018இல் வெளியானது. மலமோ சிறுநீரோ கட்டுப்படாதவர்களில் ஏறக்குறைய 46 விழுக்காட்டினருக்கு ஈரப்புண் இருந்ததாக அது கூறியது. தீவிர சிகிச்சையில் மலம் கட்டுப்படாத 45 பேரை மட்டும் நாள்தோறும் கவனித்து 2011இல் வெளியான சிறிய ஆய்வில், 36 விழுக்காட்டினருக்கு இது வந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான்கு நாட்களுக்குள்ளாகவே வந்துவிட்டது. மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்கான தொல்லை என்ற நினைப்பை இந்த எண் உடைக்கிறது. சேர்த்த முதல் நாளே தொடங்க வேண்டிய பராமரிப்பு இது.

இரண்டு புண்கள், ஒரே முத்திரை

படுக்கைப்புண் உள்ளிருந்து வெளியே வருவது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கி, ரத்தம் போகாமல் அழுகி, கடைசியில் தோல் திறக்கும். வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு போன்ற மேடான இடங்களில் வரும். ஓரங்கள் தெளிவாக இருக்கும், குழி ஆழமாகும். ஈரப்புண் மேலிருந்து கீழே போவது. பிட்டத்தின் பிளவு, தொடையிடுக்கு, பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதி என்று மலம் படரும் இடமெல்லாம் திட்டுத்திட்டாகப் பரவும். ஓரங்கள் மங்கலாக இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு பக்கங்களிலும் ஒரே மாதிரி உரிந்திருக்கும். ஆழம் குறைவு, எரிச்சல் அதிகம்.

வேறுபாடு தெரியாமல் இரண்டுக்கும் பெட் சோர் என்று முத்திரை குத்தினால் சிகிச்சை தடம் மாறும். படுக்கைப்புண்ணுக்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஈரப்புண்ணுக்கு மலம் படாமல் காக்க வேண்டும். மலம் ஓயாமல் பட்டுக்கொண்டிருக்கும் தோலுக்குக் காற்றுப் படுக்கையை மட்டும் போட்டுப் பயனில்லை. ஈரத்தால் நைந்த தோல் அழுத்தத்தையும் தாங்காது என்பதால், ஈரப்புண்ணைத் தொடர்ந்து படுக்கைப்புண்ணும் வரும் வாய்ப்பு கூடுகிறது. சில நோயாளிகளிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அப்படி இருப்பதையும் பிரித்தறிந்து எழுத வேண்டும்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழுவினர் குளோபியாட் என்ற எளிய வகைப்பாட்டை உருவாக்கியிருக்கிறார்கள். தோல் உரியாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் முதல் வகை. உரிந்திருந்தால் இரண்டாம் வகை. ஒவ்வொன்றிலும் தொற்றின் அறிகுறி இல்லாதது, உள்ளது என்று இரு பிரிவு. மொத்தம் நான்கே பெட்டிகள். எந்த மருத்துவமனையும் நாளையே பின்பற்றலாம்.

பின்பற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடநூல்கள் முதல் அறிகுறியாகச் சொல்வது தோல் சிவப்பதை. வெளிர் தோலைப் பார்த்து எழுதப்பட்ட பாடம் அது. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா கலந்தோ, சில நேரம் வெளிறியோ தெரியும். பளபளப்பும் கதகதப்பும் தொட்டால் முகம் சுளிப்பதும்தான் நமக்கு நம்பகமான அடையாளங்கள். சிவப்பை மட்டும் தேடும் கண், நம் நோயாளிகளில் முதல் கட்டத்தை முழுதாகத் தவறவிட்டு, தோல் உரிந்த பிறகே விழித்துக்கொள்ளும். செவிலியர் கல்லூரிகளில் நம் ஊர்த் தோலின் படங்களை வைத்து இதைக் கற்பிப்பது அவசரத் தேவை.

சொல்ல முடியாத வலி

தீக்காயம் பட்ட இடத்தில் உப்புநீர் ஊற்றினால் எப்படி எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேல்தோல் போன இடத்தில் மலம் படும் ஒவ்வொரு முறையும், அதைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அத்தகைய எரிச்சல்தான். ஒரு நாளில் ஐந்தாறு முறை மலம் போகும் நோயாளி இதை ஐந்தாறு முறை அனுபவிக்கிறார். வாயில் குழாய் இருப்பதால் கத்த முடியாது. நாடித்துடிப்பு ஏறும், நெற்றி சுருங்கும், வெண்டிலேட்டரோடு மல்லுக்கட்டுவார். ‘நோயாளி படபடப்பாக இருக்கிறார்’ என்று எழுதி மயக்க மருந்தை ஏற்றிவிடும் அபாயம் இங்கே இருக்கிறது. மயக்கம் கூடினால் வெண்டிலேட்டரிலிருந்து விடுபடுவது தள்ளிப்போகும். பேச முடியாத நோயாளியின் வலியை முகபாவத்தையும் உடலசைவையும் வைத்து மதிப்பிடும் அளவுகோல்கள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. துடைத்துச் சுத்தம் செய்யும் வேளையிலும் அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

“முதலில் உயிர், அப்புறம்தான் தோல்” என்ற வாதத்தை மருத்துவர்கள் சொல்வதுண்டு. உயிர் ஊசலாடும் மணித்துளிகளுக்கு அது பொருந்தும். அதற்குப் பிறகு வரும் நாட்களுக்குப் பொருந்தாது. உரிந்த தோலில் கேண்டிடா என்ற பூஞ்சை எளிதில் தொற்றும். குடல் பாக்டீரியாக்களுக்கும் வழி திறக்கும். உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க வைத்தால்தான் தீவிர சிகிச்சை நோயாளி தேறுவார். பின்புறம் புண்ணானவரை நாற்காலியில் எப்படி உட்கார வைப்பது? தோலை விட்டுவிட்டால் மீட்சியும் தாமதமாகும்.

துடைப்பவர் யார்?

இந்தக் கேள்வியை நாம் பேசுவதே இல்லை. செவிலியர் கல்வியில் நோயாளியின் உடல் சுத்தம் அடிப்படைப் பாடம். நடைமுறையில், குறிப்பாகக் கூட்டம் நிரம்பிய மருத்துவமனைகளில், மலம் துடைக்கும் வேலை ஆயாம்மாக்களிடமும் வார்டு பாய்களிடமும் ஒப்பந்தப் பணியாளர்களிடமும் போய்ச் சேர்கிறது. சம்பள ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர்கள் அவர்கள். மலத்தைத் தொடும் வேலையைக் கீழானது என்று ஒதுக்கி, அதைக் கீழே வைக்கப்பட்டவர்களின் தலையில் கட்டிய சமூகம் இது. அந்தப் பழக்கம் மருத்துவமனை வாசலில் செருப்போடு கழற்றி விடப்படுவதில்லை.

இதில் நோயாளிக்கு நேரும் இழப்பு பெரியது. போர்வைக்குக் கீழே இருக்கும் தோலைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் துடைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் தோலைப் படிக்கத் தெரிந்த கண் அங்கே இல்லை. அங்கே இருக்கும் கண்ணுக்கு யாரும் படிக்கக் கற்றுத்தரவில்லை. ஆயாம்மா ஏதோ கவனித்துச் சொன்னாலும், “சரி சரி, பவுடர் போட்டு விடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவருடைய கவனிப்பைப் பதிவு செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை.

செவிலியர்களைக் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. வெண்டிலேட்டரில் இருக்கும் ஒருவரைப் புரட்டித் துடைக்க ஒருவர் போதாது. ஒருவர் சுவாசக் குழாயைப் பிடிக்க வேண்டும். ஒருவர் உடலைத் தாங்க வேண்டும். மூன்றாமவர் துடைக்க வேண்டும். வெண்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் விகிதம். ஒரே செவிலியர் மூன்று, நான்கு படுக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் இரவுப் பணியில், மலம் போனது தெரிந்தவுடனே துடைப்பது இயலாத காரியம். தமிழக அரசு மருத்துவமனைகளில் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். நோயாளியின் தோலுக்கும் அந்தப் போராட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆள் இல்லாத இடத்தில் முதலில் கைவிடப்படுவது, யாரும் கணக்குக் கேட்காத வேலைதான்.

வெண்டிலேட்டருக்குப் பணம் உண்டு, டயப்பருக்கு இல்லை

தனியார் மருத்துவமனையில் காப்பீட்டோடு சேர்ந்தவர்கள், டிஸ்சார்ஜ் நாளில் ‘நான் மெடிக்கல்’ என்ற தலைப்பில் ஒரு தொகையைக் கையிலிருந்து கட்டியிருப்பார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்திய, பொதுவாகப் பணம் தரப்படாத பொருள்களின் பட்டியலிலிருந்து வருவது அது. எந்த வகை டயப்பரும் அதில் இருக்கிறது. மருந்தாக எழுதித் தரப்படாத கிரீம், பவுடர், லோஷன் எல்லாம் ஒப்பனைப் பொருள் என்ற கணக்கில் இருக்கின்றன. காற்றுப் படுக்கை, தண்ணீர்ப் படுக்கைக் கட்டணமும் இருக்கிறது. தனிச் செவிலியர் கட்டணமும் இருக்கிறது. தோலைக் காக்கத் தேவையான பொருளும் ஆளும் ஏறக்குறைய மொத்தமாக ஒரே பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. நிறுவனங்கள் விரும்பினால் இவற்றுக்கும் பணம் தரலாம். சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்துக்கு அதைத் தனி இணைப்பாகவே விற்கின்றன. அடிப்படை பாலிசி மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்குச் செலவு கையிலிருந்துதான்.

வெளியே நடமாடும் ஒருவருக்கு டயப்பர் வசதிப் பொருளாக இருக்கலாம். மயக்கத்தில் இருப்பவருக்கு, ஒரு நாளில் பல முறை தண்ணீராக மலம் போகிறவருக்கு, உறிஞ்சும் விரிப்பும் தடுப்புக் களிம்பும் கட்டுத்துணியைப் போலவே மருத்துவப் பொருள்கள். வரி விதிப்பில் இந்த உண்மை ஓரளவு ஏற்கப்பட்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றப்பட்டபோது, மருத்துவ டயப்பர்கள் மீதான வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. காப்பீட்டுப் பட்டியலும் அதே வழியில் திருத்தப்பட வேண்டும். குறைந்தபட்சம், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நாட்களுக்காவது இவை சிகிச்சைச் செலவாகக் கணக்கிடப்பட வேண்டும்.

செலவு தன் தலையில் விழும்போது குடும்பம் சிக்கனம் பிடிப்பது இயல்பு. “டயப்பர் தீர்ந்துபோச்சு, ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க” என்று வெளியே காத்திருக்கும் மகனிடம் சீட்டு நீட்டப்படுகிறது. அவர் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பும்வரை நோயாளி அப்படியே கிடக்கிறார். ‘கொஞ்சம்தானே நனைஞ்சிருக்கு, இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டலாம்’ என்ற எண்ணமும் வருகிறது. தோல் கெடுவது இந்த இடைவெளிகளில்தான்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் வயிற்றுப்போக்கின் காரணத்தைத் தேட வேண்டும். இது மருத்துவரின் வேலை. ஆன்டிபயாட்டிக் இன்னும் தேவையா, சிரப்பை மாத்திரையாக மாற்ற முடியுமா, மலமிளக்கி எழுதியதை யாராவது நிறுத்த மறந்தார்களா, கஞ்சி எப்போது கரைத்தது என்று காலைச் சுற்றில் கேட்டாலே பாதிப் பிரச்சினை குறையும்.

அடுத்து, துடைக்கும் முறை. நம் வார்டுகளில் இன்றும் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள், கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவுகிறார்கள், ஸ்பிரிட் தடவுகிறார்கள், மேலே முகப்பவுடரைக் கொட்டுகிறார்கள். அன்போடும் அக்கறையோடும் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாதாரண சோப்பின் பிஎச் 9, 10 வரை போகும். ஏற்கெனவே அம்மோனியாவால் அமிலத்தன்மை இழந்த தோலுக்கு அது இன்னொரு அடி. ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்கவைக்கும். பவுடர் ஈரத்தில் கட்டிபிடித்து மடிப்புகளில் உராயும். ரப்பர் மெக்கின்டாஷ் விரிப்பு மெத்தையைக் காப்பாற்றும். அதன் மேல் கிடப்பவரின் வியர்வைக்கு வெளியேற வழியில்லாமல் செய்துவிடும்.

தோலின் பிஎச்சுக்கு நெருக்கமான, அலச வேண்டாத சுத்திகரிப்புத் திரவமும் மென்மையான துணியும் சிறந்தவை. அவை இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு தடுப்புப் பூச்சு. துத்தநாக ஆக்ஸைடு களிம்போ, பெட்ரோலியம் ஜெல்லியோ, டைமெத்திகோன் கலந்த கிரீமோ மெல்லிய படலமாகத் தடவினால், அடுத்த முறை மலம் தோலைத் தொடுவதற்கு முன் இந்தப் பூச்சைத்தான் தொடும். குழந்தைகளுக்கு வாங்கும் அதே துத்தநாகக் களிம்புதான். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். அப்பிவிடக் கூடாது, அப்பினால் டயப்பரின் துளைகள் அடைத்து ஈரம் மேலேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுக்கவும் தேவையில்லை. அழுக்கான மேல்படலத்தை மட்டும் நீக்கி மறுபடி பூசினால் போதும்.

படுக்கையில் கிடப்பவருக்கு டயப்பரை இறுக்கமாகக் கட்டி வைப்பதைவிட, காற்றுப் போகும் உறிஞ்சு விரிப்பைக் கீழே திறந்தபடி விரிப்பது நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று விரிப்புகளைப் போட்டால் வெப்பமும் ஈரமும் தங்கும். தண்ணீராக மலம் போவது நிற்காதவர்களுக்கு, மலக்குடலில் பொருத்தி மலத்தைப் பையில் சேர்க்கும் மென்மையான சிலிகோன் குழாய் இருக்கிறது. விலை அதிகம், மலக்குடலில் ரத்தக்கசிவு உண்டாக்கும் ஆபத்தும் உண்டு. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு மட்டும் மருத்துவர் முடிவெடுத்துப் பொருத்த வேண்டியது அது.

கடையில் கேட்டதும் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த தோல் கிரீம்களைப் பூசுவது நம் நாட்டில் இருக்கும் கூடுதல் ஆபத்து. முதல் நாள் எரிச்சல் குறைந்தது போலத் தோன்றும். பிறகு தோல் இன்னும் மெலியும். பூஞ்சை இன்னும் செழிக்கும். இந்தக் கலவைக் கிரீம்களின் துஷ்பிரயோகத்தைப் பற்றி இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறார்கள்.

எந்தப் பூச்சு மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்கு வலுவான சான்று இன்னும் சேரவில்லை. 2016இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 13 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. இருந்தும், வெறும் சோப்பும் தண்ணீரும் சரியாக வேலை செய்வதில்லை என்பதும், பூசி விடும் பொருளைப் பயன்படுத்துவது பயன்படுத்தாமல் விடுவதைவிட மேல் என்பதும் அதில் தெரிந்தன. விலை உயர்ந்த பொருள் கிடைக்கவில்லை என்று காத்திருக்க இனிக் காரணமில்லை. எளிய பொருளைத் தவறாமல் பயன்படுத்தினாலே பலன் தெரியும்.

கணக்கு வேண்டும், தண்டனை வேண்டாம்

இந்தியாவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்ஏபிஎச், சேர்ந்த பிறகு உண்டாகும் படுக்கைப்புண்களைத் தரக் குறியீடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஈரப்புண்ணுக்கும் அதே இடம் தர வேண்டும். எண்ணாத ஒன்றை எந்த நிர்வாகமும் சரிசெய்வதில்லை.

எண்ணும்போது ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் மெடிகேர் திட்டம், மருத்துவமனையில் உண்டாகும் மூன்றாம், நான்காம் நிலைப் படுக்கைப்புண்களுக்குக் கூடுதல் கட்டணம் தருவதை 2008 அக்டோபரில் நிறுத்தியது. அதன்பின் அங்கே சேர்க்கும்போதே தோலைச் சோதித்து எழுதும் பழக்கம் வலுப்பட்டது; அது நல்ல பலன். ஆனால் பணம் போகும் என்ற பயம், புண்ணுக்கு வேறு பெயர் எழுதித் தப்பிக்கும் ஆசையையும் தூண்டக்கூடியது. நம் ஊரில் புண் வந்ததற்காகப் பணியிலிருக்கும் செவிலியருக்கு மெமோ கொடுத்தால், அடுத்த மாதம் பதிவேட்டில் புண்ணே இருக்காது. நோயாளியின் உடம்பில் மட்டும் இருக்கும். பதிவு செய்தவரைப் பாதுகாத்தால்தான் உண்மையான எண்ணிக்கை கிடைக்கும்.

தமிழகத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் பொருளும் ஒரே இடத்திலிருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் 1990களிலிருந்து இயங்குகிறது. பிற மாநிலங்களுக்கு முன்மாதிரி என்று பேர் வாங்கிய அமைப்பு. உறிஞ்சு விரிப்பு, தடுப்புக் களிம்பு, மென்துணி ஆகிய மூன்றும் ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் படுக்கைக்கும் தட்டுப்பாடின்றிக் கிடைப்பதை அது உறுதிசெய்ய முடியும். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தலைக்காயத்தோடு பிழைக்கும் இளைஞர்கள் அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார்கள். அந்த வாரங்களைப் பற்றியும் அரசு யோசிக்க வேண்டும். அவர்கள் வீடு திரும்பிய பின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்களுக்கும் இந்தத் தோல் பராமரிப்பு கற்றுத்தரப்பட வேண்டும். மருத்துவமனையில் தொடங்கிய புண் பெரும்பாலும் வீட்டில் தாயோ மனைவியோ தனியாகச் சமாளிக்கும் புண்ணாக மாறுகிறது.

அதற்கு முன், செலவே இல்லாத சீர்திருத்தம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு முறையாவது, நோயாளியைத் துடைக்கும்போது பொறுப்புச் செவிலியர் உடனிருந்து தோலைப் பார்த்து, குளோபியாட்டின் நான்கு பெட்டிகளில் எது என்று எழுத வேண்டும். துடைக்கும் பணியாளருக்கு அரைநாள் பயிற்சி தந்து, அவர் கவனித்ததைச் சொல்லவும் எழுதவைக்கவும் உரிமை தர வேண்டும். காலைச் சுற்றில் நுரையீரல், சிறுநீரகம் என்று வரிசையாகக் கேட்கும் மருத்துவர், அந்த வரிசையில் தோலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மருத்துவமனை முதல்வர் ஒருவர் ஒரு சுற்றறிக்கையில் இதைத் தொடங்கிவிடலாம். சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. கேட்கும் வழக்கம் வந்துவிட்டால் பொருளும் ஆளும் போதவில்லை என்பது எண்களோடு வெளிவரும். அந்த எண்களை வைத்துக்கொண்டு அரசிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் வாதாடலாம். குடும்பத்தாரும் பார்வை நேரத்தில் “எப்படி இருக்கார்?” என்று கேட்பதோடு நிற்காமல், “பின்பக்கம் தோல் எப்படி இருக்கு சிஸ்டர்?” என்று தயங்காமல் கேட்கலாம். அது குறை சொல்வதாகாது. சிகிச்சையைப் பற்றிய கேள்வி அது, பதில் பெற அவர்களுக்கு முழு உரிமை உண்டு.